இலை மூடத் தெரியாத விருந்தாளி

ஆலமரத்தடியில் குரு இளையவராகவும் சீடர்கள் கிழவர்களாகவும் உட்கார்ந்திருந்ததாகப் பழைய கதை ஒன்று உண்டு. கோவில்பட்டியில், எட்டயபுரம் சாலையில், ஆலமரம் இல்லை. ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தது. அதற்கு எதிரே டாக்டர் ஹெப்சிபாவின் நாய் ஆஸ்பத்திரி. மற்ற ஏற்பாடுகளில் மாற்றமில்லை. குருவுக்கு நாற்பத்தொன்று. சீடருக்கு அறுபத்தொன்று.

சீடரின் பெயர் தளவாய். அரசாங்கக் கால்நடை மருத்துவராக முப்பத்திரண்டு வருடம் மாடுகளையும் ஆடுகளையும் பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய் அவர் சொன்னது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "நல்லாப் போடுங்க." எலும்பு தெரிந்த மாடுகளுக்கு அதுவே பாதி வைத்தியம். ஓய்வுக்குப் பிறகு நாய் வைத்தியம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, தன்னைவிட இருபது வயது இளையவரிடம் வந்து சேர்ந்தார்.

அவர் குருவை "டாக்டரம்மா" என்றார். குரு அவரை "சார்" என்றார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை. ஹெப்சிபா உள்ளே ஒரு பூனைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் வெயிலுமுத்து அண்ணாச்சி இறங்கினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் அண்ணாச்சி ஒரு பக்கமும் பிடிக்க, மின்னல் இறங்கியது.

மின்னல் ஒரு சிப்பிப்பாறை நாய். அந்த ஜாதி நாய்க்கு நீண்ட கால், ஒட்டிய வயிறு, முயலுக்குப் பின்னால் ஓடுவதற்கென்றே இழைத்த உடம்பு. மின்னலைப் பார்த்து இதில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மெத்தை உறைக்குள் ஒரு சிப்பிப்பாறை ஒளிந்திருக்கிறது என்று நம்பத்தான் வேண்டும்.

"கால்ல பலம் இல்ல, டாக்டர்," என்றார் வெயிலுமுத்து. "படி ஏற மாட்டேங்கான். சத்து பத்தல போலிருக்கு. ஒரு டானிக் எழுதிக் கொடுங்க."

தளவாய் நாயை எடைமேடையில் ஏற்றினார். முப்பத்தொன்பது கிலோ.

"இருபத்திரண்டு இருக்கணும், அண்ணாச்சி."

"அப்ப நல்லா இருக்கான்னு சொல்லுங்க."

"என்ன போடுறீங்க?"

"பெருசா ஒண்ணும் இல்ல. காலையில நாலு இட்லி. பதினோரு மணிக்கு வடை. அதுவும் உடைஞ்ச வடைதான். மத்தியானம் சாப்பாடு."

"எவ்வளவு?"

"போதும்கிற வரைக்கும்."

"யாரு போதும்கிற வரைக்கும்?"

"அவன்தான்."

"அது வாயைத் திறந்து சொல்லுமா?"

"எங்க சொல்லுதான்? தட்டை நக்கிட்டு நிமிந்து நிமிந்துல்லா பார்க்கான். எப்படிப் போடாம இருக்க?"

தளவாய் மின்னலின் பின்னங்காலை மடக்கி நீட்டினார். மின்னல் முனகியது. கடிக்கக்கூட அதற்குச் சிரமமாக இருந்தது.

"இன்னும் அஞ்சு கிலோ கூடுனா பின்னங்கால் ரெண்டும் விழுந்துரும். அப்புறம் இது எந்திரிக்காது," என்றார் தளவாய். "டானிக் வேண்டாம். சோத்தைப் பாதியாக் குறைங்க. நீங்க பாசம்னு போடுறது அத்தனையும் விஷம். உங்க கையாலேயே இதைக் கொல்லுறீங்க."

நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. வெயிலுமுத்து சத்தம் போடுகிற மனிதர் இல்லை.

"டாக்டர், என் கடைச் சுவத்துல என்ன எழுதிருக்குன்னு தெரியும்லா?"

தளவாய்க்குத் தெரியும். ஊருக்கே தெரியும். 'இலை மூடும்வரை பரிமாறப்படும்.'

"முப்பது வருசம். ஒரு ஆளு அரை வயித்தோட எந்திரிச்சதில்ல. என்னையப் போயி, சோறு போட்டுக் கொல்லுதேன்னுட்டீங்க."

"நான் அப்படிச் சொல்ல வரல..."

"சொல்லிட்டீங்க. வாலே, மின்னல். மருந்துக் கடையில டானிக் கிடைக்கும்."

இரண்டு பேர் சேர்ந்து மின்னலை ஆட்டோவில் தூக்கி வைத்தார்கள். ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது.

பூனையின் வேலை முடிந்து ஹெப்சிபா வெளியே வந்தபோது, தளவாய் வெறும் எடைமேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி எதையும் திருத்திச் சொல்லவில்லை. நல்ல சீடர்களுக்கு அந்தக் குணம் உண்டு.

"நான் சொன்னதுல தப்பு இருக்கா, டாக்டரம்மா?"

"இல்ல."

"எடை?"

"சரிதான்."

"காலு?"

"நீங்க சொல்றதை வச்சுப் பாத்தா, நீங்க நினைக்கிறதைவிட மோசம். இப்படியே போனா மூணு மாசம் தாங்காது."

"இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாரு. டானிக்கையும் ஊத்தி, கூட நாலு இட்லியும் போடுவாரு. என் வாயாலதான் அந்த நாயி படுக்கப் போகுது." தளவாய் நாற்காலியில் உட்கார்ந்தார். "உண்மையை எப்படித்தான் சொல்றது?"

ஹெப்சிபா கை கழுவினார். அவர் கை கழுவினால் நேரமாகும். விரல் விரலாகக் கழுவுவார்.

"அண்ணாச்சி கடையில சாப்பிட்டிருக்கீங்களா, சார்?"

"வாரத்துக்கு ரெண்டு நாள்."

"போதும்னா என்ன செய்வீங்க?"

"இலையை மூடுவேன்."

"நாளைக்கு மூடாதீங்க."

தளவாய் புரியாமல் பார்த்தார்.

"இலைக்குக் குறுக்க கையை நீட்டக் கூடாது. போதும்னு சொல்லக் கூடாது. போட்டதை மிச்சம் வைக்கக் கூடாது. வேணுமான்னு கேட்டா நிமிர்ந்து பாருங்க. அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"கேள்வி கேட்டது நீங்கதானே."

தளவாய் யோசித்தார். இளம் வயதில் பந்தயம் கட்டிச் சாப்பிட்டவர். அந்தப் பெருமை அறுபத்தொன்றிலும் ஒரு மூலையில் உயிரோடு இருந்தது.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கு. கூட்டம் போயிருக்கும். காலையில ஒண்ணும் சாப்பிடாம வாங்க. பிரஷர் மாத்திரையை மட்டும் மறந்துராதீங்க."

மறுநாள் இரண்டரைக்குக் கடையில் வேறு யாரும் இல்லை. பரிமாறுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் வருகிறவர்களுக்கு வெயிலுமுத்துவே பரிமாறுவார். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் டிரம்மின் நிழலில், மின்னல் படுத்திருந்தது. அதன் முன்னால் ஓர் அலுமினியத் தட்டு. கண்ணாடி மாதிரி மினுங்கிற்று. அவ்வளவு சுத்தமாக நக்கப்பட்டிருந்தது.

ஹெப்சிபாவோடு வந்த தளவாயை வெயிலுமுத்து பார்த்தார். முகம் இறுகியது. ஆனால் வந்தவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் விருந்தாளி.

"வாங்க, தாயி. வாங்க, டாக்டர்," என்றார். இரண்டாவது 'வாங்க' கொஞ்சம் குட்டையாக இருந்தது.

சோறு வந்தது. பருப்பு, நெய். சாம்பார். கூட்டு, பொரியல், அப்பளம். அடுத்து வத்தக்குழம்பு. அடுத்து ரசம். அடுத்து மோர். ஹெப்சிபா ரசத்தோடு நிறுத்தி, இலையை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். இலையை எந்தப் பக்கம் பார்த்து மடிப்பது மரியாதை என்பதில் ஊருக்கு ஊர் வழக்கு வேறு; அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம். காலி இலை விஷயத்தில் மட்டும் எந்த ஊரிலும் சண்டை இல்லை. உட்கார்ந்திருப்பவன் முன்னால் இலை வெறுமையாகத் தெரிந்தால், குற்றம் பரிமாறுகிறவனுடையது.

தளவாயின் இலை வெறுமையாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம்?"

தளவாய் நிமிர்ந்து பார்த்தார்.

ஐந்தாவது முறை சோறு விழுந்தது. மறுபடி சாம்பார். வெயிலுமுத்துவின் முகம் மெல்ல இளகிற்று. நேற்றைய கோபத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. சமையல் கட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"கோமதி, டாக்டருக்கு நம்ம சாம்பார் பிடிச்சுப்போச்சு."

"எந்த டாக்டரு?" என்றது உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல். "சோறு போட்டுக் கொல்லுதோம்னாரே, அவரா?"

"அவரேதான்."

"நல்லாப் போடுங்க."

தளவாய்க்குப் புரை ஏறியது. முப்பத்திரண்டு வருடம் அவர் சொன்ன வாக்கியம், முதல் தடவையாக அவருக்கே சொல்லப்பட்டது.

ஆறாவது முறை வத்தக்குழம்பு. பெல்ட்டைத் தளர்த்தினார். இலையை வழித்தார். நிமிர்ந்து பார்த்தார். ஏழாவது முறை ரசம். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கைக்கடிகாரம் எந்த விதத்தில் தடையாக இருந்தது என்பது அவருக்கே தெரியாது. ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, சுவரில் எழுதியிருந்ததை வாசித்தார். அதில் மூன்றே சொற்கள் இருப்பது போதவில்லை.

வெயிலுமுத்துவுக்கு இப்போது சிரிப்பு போய்விட்டது.

"டாக்டர், போதுமா?"

தளவாய் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் லேசாகத் தண்ணீர்.

கரண்டி சோற்றுப் பாத்திரத்திலிருந்து எழுந்து இலைக்கு மேலே வந்தது. அங்கேயே நின்றது. முப்பது வருடத்தில் அந்தக் கரண்டி நடுவழியில் நின்றதில்லை.

"என்ன தாயி இது? போதும்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

"அவரு சொல்ல மாட்டாரு, அண்ணாச்சி."

"ஏன்?"

"இலை காலியா இருக்கு. போடுங்க."

"இலை காலியா இருந்தா ஆச்சா? ஆளைப் பாருங்க. காது செவந்துபோச்சு. ஒரு வாய்க்கும் மறுவாய்க்கும் நடுவுல மூச்சு வாங்குதாரு. இதுக்கு மேல ஒரு பருக்கை போட்டாலும் பாவம்."

"நிமிர்ந்து பார்க்கிறாரே. பசி போலிருக்கு."

"பசிச்சவன் பார்வை எனக்குத் தெரியாதா, தாயி? முப்பது வருசமா மூஞ்சியைப் பாத்துத்தானே பரிமாறுதேன். இது பசி இல்ல. இது சும்மா..."

வெயிலுமுத்து நிறுத்தினார்.

டிரம்மின் நிழலிலிருந்து மின்னல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கு வெளியே தொங்கியது. விலா ஏறி ஏறி இறங்கியது. முன்னால் சுத்தமான தட்டு. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது.

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

வெயிலுமுத்து கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார். குனிந்தார். தளவாயின் இலையைத் தன் கையாலேயே மடித்து மூடினார். கடைக்காரர் விருந்தாளியின் இலையை மூடுவது எந்த ஊர் வழக்கத்திலும் கிடையாது.

"போதும்," என்றார்.

பிறகு டிரம்முக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மின்னல் வாலை ஒரு தடவை தரையில் அடித்தது. அவர் அதன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். காதைப் பார்த்தார். மூச்சைப் பார்த்தார். அலுமினியத் தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"போதும்லே."

மின்னல் கவிழ்ந்த தட்டை மோந்து பார்த்தது. சுற்றிலும் ஒரு தடவை நக்கியது. அப்புறம் அதன் மேலேயே தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

ஹெப்சிபா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய கையைப் பிடித்து நாயின் விலாவில் வைத்தார்.

"எலும்பு தட்டுப்படுதா?"

"எங்க? பஞ்சு மெத்தை மாதிரியில்லா இருக்கு."

"இப்ப உங்க புறங்கையைத் தடவிப் பாருங்க."

தடவினார்.

"அந்த எலும்பு மாதிரி தட்டுப்படணும். அழுத்தாமலே."

"எவ்வளவு போடட்டும்?"

"நீங்க ரசம் ஊத்துற டம்ளர்தான் அளவு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. பாதி சோறு, பாதி பூசணிக்காய். கூட ஒரு முட்டை. இட்லி, வடை, அப்பளம் கிடையாது."

"அதுக்கு மேல கேட்டா?"

"தடவிக் கொடுங்க."

"பார்ப்பானே, தாயி."

"பார்ப்பான்," என்றார் ஹெப்சிபா. "நீங்க மூஞ்சியைப் பாத்துப் பரிமாறுறவராச்சே."

வெயிலுமுத்து தலையை ஆட்டினார். அப்போதுதான் மேஜைப் பக்கம் கவனித்தார்.

"டாக்டர் எந்திரிக்க மாட்டேங்காரே."

தளவாய் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க ஒரு தடவை முயன்று, அதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டிருந்தார்.

"கால்ல பலம் இல்ல போல," என்றார் ஹெப்சிபா. "சத்து பத்தல. ஒரு டானிக் எழுதலாமா, அண்ணாச்சி?"

வெயிலுமுத்து சிரித்தார். உள்ளேயிருந்து கோமதியும் சிரித்தார். தளவாயும் சிரிக்க நினைத்தார். அதற்கு வயிற்றில் இடம் இல்லை. முந்தின நாள் மின்னலைத் தூக்கிய அதே ஆட்டோக்காரர் ஒரு பக்கமும், வெயிலுமுத்து மறுபக்கமுமாகப் பிடித்து அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோ அன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் போனது.

முதல் மாதம் மின்னல் யாரோடும் பேசவில்லை. அதாவது, டிரம்மின் மறுபக்கம் போய், கடைக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. வெயிலுமுத்துவும் அந்த மாதம் சரியாகச் சாப்பிடவில்லை என்று கோமதி சொன்னார். இரண்டாம் மாதம் சாயங்காலம் இருவரும் தெருமுனை வரை நடந்தார்கள். நான்காம் மாதம் ரயில்வே கேட் வரை. சுவரில் பழைய வாசகத்துக்குக் கீழே புதிதாக ஒன்று எழுதப்பட்டது: 'மின்னலுக்கு இலை மூடியாயிற்று. தயவுசெய்து எதுவும் போட வேண்டாம்.' வாடிக்கைக்காரர்கள் அதை வாசித்துவிட்டு, கையில் எடுத்த அப்பளத்தைத் தாங்களே தின்றார்கள்.

ஆறாம் மாதம் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆட்டோ வந்தது. அது நிற்பதற்குள் மின்னல் குதித்துவிட்டது. எடைமேடையில் யாரும் ஏற்றவில்லை. தானே ஏறி நின்றது.

"இருபத்தாறு," என்றார் தளவாய்.

"நேத்து ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டான், டாக்டர்," என்றார் வெயிலுமுத்து. குற்றம் சொல்கிற குரலாகத் தெரியவில்லை. "ஒரு ஆளு இலையிலருந்து அப்பளத்தைத் தூக்கிட்டு ஓடிட்டான். நானும் தொரத்திக்கிட்டே பஸ் நிலையம் வரைக்கும் ஓடுனேன்."

"பிடிச்சீங்களா?"

"எங்க பிடிக்க? சிப்பிப்பாறைல்லா." அவர் நாயின் விலாவைத் தடவினார், பிறகு தன் புறங்கையைத் தடவினார். "அந்த ஆளுக்கு ரெண்டு அப்பளமாக் கொடுத்துட்டேன். இவன் ஓடி நான் பாத்து நாலு வருசம் ஆச்சு."

அவர்கள் போன பிறகு தளவாய் மறுநாளுக்கான பட்டியலை எடுத்துப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது.

"டாக்டரம்மா, நாளைக்கு முதல் ஆளே சிக்கலா இருக்கே. மார்க்கெட் ரோடு கடலைமிட்டாய்க்காரரு."

"ம்."

"பொமரேனியன். பதினாலு கிலோ. ஏழு இருந்தாப் போதும். கடையில கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்குமாம். அவரு கோபக்காரரு வேற. போன வருசம் ஒரு டாக்டரு எடையைச் சொன்னதுக்கு, நாயைத் தூக்கிக்கிட்டு மதுரைக்குப் போயிட்டாராம்."

"ம்."

"அவருகிட்ட எப்படிச் சொல்றது?"

ஹெப்சிபா கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் விரலாகக் கழுவி முடித்து, துண்டில் துடைத்து, தளவாயின் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"உங்க பல்லெல்லாம் கெட்டியா இருக்கா, சார்?"